லாபம், ரெண்டு, மூணு… பதினெட்டு

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஆட்களை அழைத்துப் போகிற வேலை என்றால் ஊர் ஊராகப் பார்க்கிற வேலை என்று நினைக்கிறார்கள். நிஜத்தில் அது தலைகளை எண்ணுகிற வேலை. பதினாறு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் அருவியைப் பார்க்கும்போது நான் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்க்கிறவர்களை எண்ணுவேன். அப்படி ஐந்து நாட்டு அருவிகளைப் பார்க்காமலேயே திரும்பி வந்திருக்கிறேன்.

சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேன் பிடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன அனுபவம் உங்களுக்கு உண்டா? டீ குடிக்க நிறுத்தின இடத்தில் சித்தப்பாவை விட்டுவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் போனபிறகு, சித்தி மெதுவாகத் திரும்பி, “அவியள எங்க?” என்று கேட்டதுண்டா? அந்த நிமிஷத்தில் வேனுக்குள் இருந்த தலைகளை முதலிலிருந்து எண்ணியிருப்பீர்களே, அதைச் செய்துதான் நான் மாதாமாதம் சம்பாதிக்கிறேன். நீங்களும் என் கட்சிதான், மேலே படிக்கலாம்.

வண்ணார்பேட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியில் என் அலுவலகம். என் பெயர் செண்பகம். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ‘செம்பகம்’தான். கீழே இருப்பதில் பெரும்பாலானவை, பதினெட்டுப் பேருடன் வியட்நாம் போய்வந்த ஒரு ஏழு நாள் பயணத்தில் நடந்தவை.

ஆடா மாடா?

வண்ணார்பேட்டையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேன். எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் வாசலில் நின்று விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தேன். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த கோமதி அக்கா சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். “விரல நீட்டாத தாயி. ஆடா மாடா, எண்ணிப் பட்டியில அடைக்க? கண்ணு பட்டுரும்” என்றார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்க்கலாம் என்றால், பாதிப் பேர் ‘ம்’ என்பார்கள், மீதிப் பேர் அதையும் சொல்லமாட்டார்கள்.

அப்போது எழுந்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. பேட்டையில் அரிசி மண்டி வைத்திருப்பவர். மரக்காலில் அரிசி அளக்கிற காலத்திலிருந்து வியாபாரத்தில் இருக்கிறார். அவர்கள் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்லமாட்டார்களாம். ‘லாபம்’ என்றுதான் ஆரம்பிப்பார்களாம். முன் இருக்கையிலிருந்து அவரே எண்ணினார். “லாபம், ரெண்டு, மூணு, நாலு…” பதினெட்டில் போய் முடிந்தது. கோமதி அக்காவும் முகத்தைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பயணத்தில் எண்ணுகிற வேலையை அண்ணாச்சியிடமே கொடுத்துவிட்டேன். நான் மனசுக்குள் தனியாக எண்ணிக்கொள்வேன், அது வேறு விஷயம்.

கடைசி இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவர் ஆவுடையம்மாள். வள்ளியூர்க்காரர், அறுபத்தாறு வயசு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைத் தாண்டும்போது கையைப் பிடித்து இழுத்துச் சொன்னார்: “என்னைய நீ தாராளமா எண்ணிக்கம்மா. முப்பது வருஷம் பிள்ளையள எண்ணி எண்ணிச் சோறு போட்டவ நான். என்னைய ஒருத்தரும் எண்ணுனதில்ல.”

மதுரையிலிருந்து வந்தவர்

ஆவுடையம்மாள் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டிய மறுநாளே அவர் மகன் மதுரையிலிருந்து என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பெயர் முருகேசன், வங்கியில் அதிகாரி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தினமும் மூன்றரை மணிக்கு என் போனில் கூப்பிடுவாராம், அது அவருக்கு வங்கியில் டீ வருகிற நேரம். அம்மாவிடம் கொடுக்கவேண்டும். சின்னப் பிரச்சினை என்றாலும் மறைக்கக் கூடாது. “அப்படி ஏதாவது ஒண்ணு நடந்துச்சுன்னா, அதோட சரி மேடம். திரும்பி வந்ததும் அம்மா பாஸ்போர்ட் என் பீரோவுக்குள்ள போயிரும். சாவி என்கிட்ட இருக்கும்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அந்த அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு காரியத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறார், அவர் என்ன எல்கேஜி பிள்ளையா என்று கேட்டேன். அவர் பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷம் முன்னால் அவர் அப்பா பேப்பர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவர், பேப்பர்கடை வாசலிலேயே மாரடைப்பில் விழுந்துவிட்டாராம். சட்டைப்பையில் பேர் எழுதின காகிதம்கூட இல்லாததால் வீட்டுக்குத் தகவல் வர மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. எதையும் மறைக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். படி இறங்கும்போது அவர் திரும்பி நின்று சொன்னார்: “எங்கப்பாவும் ‘இந்தா வாரேன்’னு சொல்லிட்டுத்தான் மேடம் போனாரு.”

பதினான்கு பொட்டலம்

இது வேறு பயணம், வேறு நாடு, பழைய கதை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்திருந்தார். வயிற்றுக்கு ஆகாது என்று நாட்டு வைத்தியரிடம் சூரணம் வாங்கி வந்திருந்தார். நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாளைக்குப் பதினான்கு பொட்டலம். ஒவ்வொன்றும் ஒரே அளவில், அழகாக மடித்த வெள்ளைத் தாள். உள்ளே வெளிறின பொடி. அதைக் கைப்பையில் வைத்திருந்தார். அந்த ஊர் விமான நிலைய அதிகாரிகள் பார்த்துவிட்டு எங்களை ஒரு சின்ன அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அந்த அறையில் இரண்டு மணி நேரம் இருந்தோம். போதைப்பொருள் கடத்தினால் அங்கே என்ன தண்டனை என்று சுவரில் படம் போட்டே வைத்திருந்தார்கள். நாய் வந்து மோந்தது, தும்மிவிட்டுப் போனது. தலைமையாசிரியர் மட்டும் கலங்கவே இல்லை. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அதிகாரியைப் பார்த்து நல்ல தமிழில் சொன்னார்: “சந்தேகமா இருந்தா ஒரு பொட்டலம் நீரும் வாயில போட்டுப் பாரும்வே. நாளைக்குக் காலையில தெரிஞ்சுரும்.”

வெறும் நெற்றி

அதிலிருந்து எனக்கு ஒரு சட்டம் உண்டு. பொடி என்று எதுவும் என் கூட்டத்தில் வரக் கூடாது. திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் எல்லார் பையையும் திறந்து பார்த்தேன். ஆவுடையம்மாளின் கைப்பையில் ஒரு சுருக்குப்பை, நிறையத் திருநீறு. “வேண்டாம்மா” என்றேன். “பெட்டியிலயாவது போட்டுக்கிடட்டுமா?” என்று கேட்டார். பதினான்கு பொட்டலம் என் கண் முன்னால் வந்து நின்றது. பெட்டியிலும் வேண்டாம் என்றேன். அவர் சுருக்குப்பையை வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டார். டிரைவர் ஒரு சிட்டிகை எடுத்து அங்கேயே பூசிக்கொண்டார்.

வியட்நாமில் இறங்கி, பாஸ்போர்ட் பார்க்கிற கவுன்டரில் ஆவுடையம்மாள் முறை வந்தது. அங்கே இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார். நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பாஸ்போர்ட்டிலிருந்த போட்டோவின் நெற்றியில் திருநீறு. அச்சில் இல்லை, நிஜத் திருநீறு, விரலால் இழுத்தது. எதிரே நிற்கிற அம்மாவின் நெற்றியில் ஒன்றும் இல்லை. அதிகாரி நகத்தால் சுரண்டிப் பார்த்தார், விரலைத் தேய்த்துப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் அவர் முன்னால் கொட்டினேன். கடைசியில் அவர் காகிதத்தால் துடைத்துவிட்டு, சிரிக்காமல் முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் ஆவுடையம்மாளைப் பிடித்துக்கொண்டேன். விசாரித்தால், பாஸ்போர்ட் போட்டோ எடுத்தபோது ஸ்டூடியோக்காரர் நெற்றியைத் துடைக்கச் சொல்லிவிட்டாராம். அந்தக் குறை மனசிலேயே இருந்திருக்கிறது. முந்தி முடிச்சில் ஒரே ஒரு சிட்டிகை மிச்சம் இருந்ததை விமானத்தில் எடுத்துத் தன் நெற்றிக்கு வைக்காமல் போட்டோவுக்கு வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “அதத்தானம்மா அவிய பாக்கப்போறாவ? நான் வெறும் நெத்தியோட எந்த ஊருக்கும் போனதில்ல.”

பைய

சைகோன் நகரத்தில் மோட்டார் பைக்குகள் நிற்பதில்லை. சிக்னல் என்ன சொன்னாலும் அவை ஆறு மாதிரி வந்துகொண்டேதான் இருக்கும். உள்ளூர் வழிகாட்டிப் பெண் சாலையைக் கடக்கும் முறையை விளக்கினாள். ஓடக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது, பின்னால் கால் வைக்கக் கூடாது. ஒரே சீராக நடந்தால் பைக்குகள் தாமே விலகிப் போகும். இதை நான் எப்படித் தமிழில் சொல்வது என்று யோசிக்கவே இல்லை. “பைய நடங்க” என்றேன். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ‘பைய’ என்றால் மெதுவாக என்று வெளியூர்க்காரர்கள் அர்த்தம் சொல்வார்கள். நமக்குத் தெரியும், மெதுவாக என்பது அதில் பாதிதான். பதறாமல் இரு, ஆனால் காரியத்தை நிறுத்தாதே என்பது மீதி.

கோமதி அக்கா மட்டும் பைக்குகள் எல்லாம் போய் முடியட்டும் என்று கால் மணி நேரம் நின்றார். அவை முடிகிற மாதிரி இல்லை. ஆவுடையம்மாள்தான் திரும்பி வந்து, அவர் கையைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப் போவதுபோலக் கூட்டிவந்து சேர்த்தார். நடுச் சாலையில் ஆவுடையம்மாளின் தலை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: “வண்ணார்பேட்டையில பஸ்ஸுக்குக் குறுக்க விழுந்து போனவியதான நாம? இங்கன உள்ளவன் ஹாரனாவது மரியாதையா அடிக்கான்.”

பதினேழு

நான்காம் நாள். ஊர் நடுவில் இருக்கும் பெரிய சந்தையில் ஷாப்பிங். நாலரை மணிக்கு எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வந்தார்கள். அண்ணாச்சி முன் இருக்கையிலிருந்து ஆரம்பித்தார். லாபம், ரெண்டு, மூணு. பதினேழில் நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் எண்ணினேன். பதினேழு. மூன்றாம் தடவை விரலை நீட்டியே எண்ணினேன், கோமதி அக்கா முகத்தை மூடவில்லை. ஆவுடையம்மாளின் கடைசி இருக்கை காலியாக இருந்தது.

என் பாதுகாப்பு விதிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்திருக்கிறேன். கழுத்தில் ஹோட்டல் அட்டையைக் கழற்றாதே. வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில். யாரையும் நம்பி வண்டியில் ஏறாதே. சந்தைக்குள் ஓடினேன். அவர் நிற்கக்கூடிய எந்த இடத்திலும் அவர் நிற்கவில்லை. அவர் போனில் வெளிநாட்டு சிம் கிடையாது, ஹோட்டலுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். பயந்தேன். அந்தப் பயத்தில் பாதி அவருக்காக, பாதி எனக்காக. எழுதும்போது பொய் எதற்கு. பைக் மோதிக் கிடப்பதுபோலவும், ஆஸ்பத்திரியில் பேர் தெரியாமல் கிடப்பதுபோலவும் மனசு படம் படமாக ஓட்டியது. கூடவே ஒரு பீரோ பூட்டுகிற சத்தமும் கேட்டது.

பஸ்ஸுக்குத் திரும்பி வரும்போது என் போன் அடித்தது. அங்கே ஐந்து மணி என்றால் இந்தியாவில் மூன்றரை. மதுரையில் டீ வந்துவிட்டது. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. எடுத்தேன். “மேடம், அம்மா பக்கத்துல இருக்காங்களா?” என்றார் முருகேசன். மறைக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டவள் நான். “வாராங்க சார்” என்று என் வாய் சொன்னது. அது பொய்யா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உண்மை இல்லை என்பது மட்டும் தெரியும். அவர் நிம்மதியாகச் சொன்னார்: “சரி மேடம், வந்ததும் பேசச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

சொல்லிட்டுத்தான போனேன்

போனை வைத்த பிறகு, நான் சொன்ன ‘வாராங்க’ என் காதிலேயே நின்றது. முக்கால் மணி நேரம் முன்னால் சந்தை வாசலில் கோமதி அக்கா ஒரு பனையோலைத் தொப்பிக்குக் கால்குலேட்டரில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் நடுவில் நின்று மாரடித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் முதுகுப் பக்கம் ஒரு குரல், “செம்பகம், அப்ப நான் வாரேன்” என்றது. நான் திரும்பாமலே, “வாங்கம்மா, வாங்க” என்றேன். என் பின்னாலேயே வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊரில் புறப்படுகிறவர் யாராவது ‘போறேன்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தெருமுனைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் ‘வாரேன்’தான். வீட்டுக்கு வந்த விருந்தாளி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ‘அப்ப வாரேன்’ என்பார். நாமும் ‘வாங்க’ என்போம். அவர் போய்விடுவார். ஆவுடையம்மாள் என்னிடம் முறையாக விடை கேட்டிருக்கிறார். நானும் முறையாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அப்படியானால் எங்கே போக விடை கேட்டார்? அன்று மதியம் பஸ் ஒரு தெருவைக் கடக்கும்போது கோபுரம் ஒன்று தெரிந்தது. “அது நம்ம மாரியம்மன் கோயிலா?” என்று கேட்டார். ஆமாம், ஒரு காலத்தில் நம் ஆட்கள் கட்டினது, ஆனால் நம் பட்டியலில் இல்லை என்று சொல்லி வாயை அடைத்திருந்தேன். மூன்று நாளாக வெறும் நெற்றி. அண்ணாச்சியைப் பஸ்ஸுக்குக் காவல் வைத்துவிட்டு ஓடினேன். பெரிய சாலை குறுக்கே வந்தது. அதிலும் ஓடினேன். நடுவில் போனதும் ஒரு பைக் என்னை நோக்கி வர, நின்றுவிட்டேன். பின்னால் ஒரு அடி வைத்தேன். எதைச் செய்யக் கூடாது என்று சொன்னேனோ அந்த மூன்றையும் வரிசையாகச் செய்து முடித்தேன். நாலு பக்கமும் பிரேக் கிறீச்சிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. “ஏளா, என்னத்துக்கு ஓடுத? பைய வா” என்றது குரல். கண்ணைத் திறந்தால் ஆவுடையம்மாள். நெற்றி முழுக்க மூன்று பட்டை, சாம்பல் நிறத்தில். அக்கரையில் ஏறி நின்றதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நடுத்தெருவில் நின்று கத்தினேன். சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போனிய என்று கேட்டேன். கோயிலில் திருநீறு இல்லையாம். அந்த ஊர் ஜனங்கள் சுவரில் நெற்றியை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். ஊதுபத்திச் சாம்பல் ஒரு கலயம் நிறையக் குமிந்து கிடந்திருக்கிறது. அம்மன் முன்னால் எரிந்தது எல்லாம் திருநீறுதான் என்று எடுத்துப் பூசிக்கொண்டாராம். போகும்போது திருப்பங்களை எண்ணிக்கொண்டே போய், அதே கணக்கில் திரும்பியிருக்கிறார். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “சொல்லாமயா போனேன்? வாரேன்னு சொன்னேன். நீயும் வாங்கன்னு சொன்னியே.”

கடைசி இருக்கை

பஸ்ஸில் ஏறினதும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வயசில் இது தேவையா, எங்களுக்கெல்லாம் உயிர் போய்விட்டது, ஊருக்குப் போய் எத்தனை கோயில் வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தார்கள். ஆவுடையம்மாள் கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன். “செம்பகம், இனிமே முருகேசன் என்னைய அனுப்பமாட்டான், என்னா?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணாச்சி எழுந்தார். “சத்தம் போடாதிய, எண்ணணும்” என்றார். எப்போதும் முன் இருக்கையிலிருந்துதான் ஆரம்பிப்பார். அன்று நேராகப் பின்னால் நடந்துபோய், ஆவுடையம்மாள் முன்னால் நின்று, மண்டியில் முதல் மரக்காலைச் சாய்க்கும்போது போடுகிற அதே குரலில் சொன்னார்: “லாபம்!”

மூன்றரை மணி டீ

முருகேசனிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். அதில் எனக்கு வெட்கம் இருக்கிறது, இருந்தாலும் சொன்னேன். வந்தாச்சு, ஒரு கீறல் இல்லை, யாருக்கும் தெரியவேண்டாம், மீதி மூன்று நாளையும் நல்லபடியாக முடிப்போம் என்றேன். பஸ்ஸில் இருந்த எல்லாரும் அதையே சொன்னார்கள். ஆவுடையம்மாள் தலையை ஆட்டினார். “மறைச்சு மறைச்சுப் போகுத பயணம் எனக்கு வேண்டாம்மா. அவனுக்குப் போனப் போட்டுக் குடு” என்று கையை நீட்டினார்.

நடந்ததை அப்படியே சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. தனியாகப் போனது, சாலையைக் கடந்தது, செம்பகம் நடுச் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது வரை. அதையாவது விட்டிருக்கலாம். பிறகு முருகேசன், “வந்துட்டியாம்மா?” என்று கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. ஆவுடையம்மாள் சொன்னார்: “வந்துட்டேம்லா. உங்கப்பா வாரேன்னு சொன்னாவ, வரல. நானும் சொன்னேன், வந்துட்டேன்.”

புது விதி

ஊர் திரும்பினதும் என் விதித்தாளை மாற்றினேன். முதலில், திருநீற்றைப் பெட்டியில் போட்டு அனுப்பலாமா என்று விமான நிலையத்தில் தெரிந்தவரிடம் கேட்டேன். தாராளமாகப் போடலாம் என்றார். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இதைக் கேட்டதில்லை, ‘வேண்டாம்’ என்று சொல்வது சுலபமாக இருந்தது. இரண்டாவதாக, ‘கூட்டத்தை விட்டு எங்கே போனாலும் வாரேன் என்று சொல்லக் கூடாது, போறேன் என்றுதான் சொல்லவேண்டும்’ என்று தடித்த எழுத்தில் போட்டேன்.

இதுவரை இந்த விதிக்கு ஒருவரும் கட்டுப்படவில்லை. ‘போ’ என்று ஆரம்பிப்பார்கள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘போயிட்டு வாரேன்’ என்று முடிப்பார்கள். அண்ணாச்சி அடுத்த பயணத்துக்குப் பேர் கொடுக்க வந்தவர், தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்துவிட்டு மேஜையில் போட்டார். “போறேன்னு சொல்லச் சொல்லுதியேம்மா, நாங்க எல்லாரும் ஒரேயடியாப் போயிட்டா நீ யாருக்கு டிக்கெட் போடுவ?”

பீரோ

இரண்டு மாசம் கழித்து ஒரு சனிக்கிழமை, மாடிப்படியில் முருகேசன் ஏறி வருவது தெரிந்தது. அன்றைக்கு ‘வாராங்க’ என்று நான் சொன்னதைக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து, மன்னிப்புக்கு நாலு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டேன். இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தார். அம்மாவைத் தன்னோடு மதுரையிலேயே தங்கவைத்து, சொன்ன வார்த்தை தவறாமல் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அம்மா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாராம். அம்மா சாவியைக் கேட்கவே இல்லை. தினமும் பேப்பர் வாங்கக் கடைத்தெருவுக்கு மட்டும் போய்வந்தாராம். ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போய், திரும்பி வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்து ‘வந்துட்டேன்’ என்றும் சொன்னாராம். அதைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் பீரோவைத் திறந்துவிட்டதாகச் சொல்லும்போது, அவர் என்னைப் பார்க்காமல் மறுபடியும் ஜன்னலுக்குக் கீழே பஸ்களைப் பார்த்தார்.

பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தார். போட்டோவில் இன்னும் ஒரு வெள்ளைக் கோடு லேசாகத் தெரிந்தது. பக்கத்தில், பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிப் பேர் எழுதின ஒரு திருநீற்றுப் பொட்டலம், ‘பெட்டிக்குள் வைக்க’ என்று குறிப்போடு. எழுத்து முருகேசனுடையது. தயார் பண்ணின நாலு வாக்கியத்தை விட்டுவிட்டு, அடுத்த பயணத்து லிஸ்ட்டைக் கையில் எடுத்தேன். அவர் எழுந்துகொண்டே சொன்னார்: “அடுத்த லிஸ்ட்டுல அம்மா பேரை மொதல்ல எழுதுங்க மேடம். எண்ணும்போது அவங்கள்ல இருந்துதான் ஆரம்பிக்கணுமாம்.”

ஆக, பதினாறு வருஷ அனுபவத்தில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் மிஞ்சியிருக்கிற பாதுகாப்பு விதி ஒன்றே ஒன்றுதான்: நம்மூர்க்காரர் யாராவது முதுகுக்குப் பின்னால் ‘வாரேன்’ என்று சொன்னால், ‘வாங்க’ என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பி, அவர் கால் எந்தப் பக்கம் நடக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.